சாமுவேல் மூடிய புத்தகம்

இது நடந்தது. பிள்ளையார்பாளையத்தில் சாமுவேல் குடியிருந்த தெருவே காதால் கேட்டது. நம்பாதவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை.

சாமுவேல் பழைய புத்தக வியாபாரி. கல்வெட்டு, கோயிற்கலை, கூத்து, இலக்கணம் என்று ஆராய்ச்சி நூல்களாகப் பார்த்து வாங்கி விற்பான். ஒன்றையும் படித்ததில்லை. மாகறல் பக்கம் சுமதிநாதன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் சாகக் கிடக்கிறார், வீடு நிறையப் புத்தகம் என்று கேள்விப்பட்டதும் ஓடினான். கண் கலங்க உடம்பை விசாரித்தான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

அவர்கள் சமணக் குடும்பம். சாகிறவர் காதில் கடைசி மூச்சுவரை நல்ல நூலைப் படிப்பது அந்த வீட்டு வழக்கம். படித்துப் படித்து மகள் தயாவதிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"நீ படிப்பா," என்றார் கிழவர் சாமுவேலிடம். "மூச்சு நிக்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. அப்புறம் எல்லாப் புத்தகமும் உனக்குத்தான்."

படித்தான். தண்ணீர் குடிக்க நிறுத்தினால்கூட மோதிர விரலால் கட்டிலைத் தட்டுவார். டொக்... டொக்... படி என்று அர்த்தம்.

உச்சிப்பொழுது சாய்ந்தது. புத்தகம் இன்றே கைக்கு வரவேண்டும் என்று சென்னைக்காரர் ஒருவர் கடையில் காத்திருந்தார். கிழவரோ போகிற வழியாகத் தெரியவில்லை. சாமுவேல் புத்தகத்தை மூடினான். விரல் எழுந்தது. அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டே வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"அக்கா... அப்பா போயிட்டாருக்கா."

பாவி. வாய் கூசவில்லை. கொல்லையில் அவரைக் குளிப்பாட்டும்போதே பெட்டிகள் வண்டியேறின. பெரும்பகுதி அன்றே சென்னைக்குப் போயிற்று. மிச்சம் ஏழெட்டுப் புத்தகம், ஓர் அலமாரியோடு சாமுவேலின் வீட்டுக்கு வந்தது.

மறுநாள் மதியம். பக்கத்து வீட்டுத் தறிகள் சாப்பாட்டுக்கு ஓய்ந்தன. அப்போதுதான் கேட்டது.

டொக்... டொக்...

அலமாரிக்குள்ளிருந்து.

திறந்தான். புத்தகங்கள் மட்டுமே இருந்தன.

பின்னால் ஏதோ விழுந்தது. மனைவி கிரேஸ். நெஞ்சைப் பிடித்திருந்தாள். மூச்சு வரவில்லை. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

டொக்...

அவனுக்குப் புரிந்தது. கைக்கு வந்த புத்தகத்தைப் பிரித்துக் கத்திக் கத்திப் படித்தான்.

மூச்சு வந்தது.

நிறுத்தினான். அதுவும் நின்றது.

படித்தான். கல்வெட்டு... கூத்து... இலக்கணம்... படித்ததையே திரும்பப் படித்தால் விரல் தட்டியது. செய்தித்தாளைப் படித்தாலும் தட்டியது; கிரேஸுக்கு மூச்சு நின்றது.

விடியும்வரை படித்தான். தொண்டையில் ரத்தம் கசிந்தது. படித்துக்கொண்டே தயாவதிக்குப் போன் போட்டான்.

"அக்கா... எப்பக்கா நிறுத்தறது?"

அவன் அடுத்த வரியைப் படித்தான். அதற்கடுத்த வரியையும் படித்தான்.

"உன்னைத்தான் கேக்கணும்னு இருந்தேன், சாமுவேலு," என்றாள் தயாவதி. "குளிப்பாட்டறப்போ அப்பா விரல் தட்டிக்கினே இருந்துச்சி. நீதான் போயிட்டாருன்னு சொன்னியே... நரம்பு இழுக்குதுன்னு உட்டுட்டோம். சிதையில வெச்சப்பவும்..."



கிரேஸ் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலமாரியில் ஒரே ஒரு புத்தகம் பாக்கி.

அதுவும் மெலிசு.