பெருக்கல் குறி போட்ட தென்னை மரங்கள்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, ஆபீஸ் சீட்டில் உட்கார்ந்தபடியே நாலு தென்னை மரங்களைச் சாய்த்தேன். கோடாலியைத் தொடவில்லை. போனில் ஒரு வார்த்தை சொன்னேன் — அவ்வளவுதான்.

எனக்கு வேலை பாலக்காட்டில், வீடு சித்தூரில், தோப்பு பெருமாட்டியில். அதனால் பெரும்பாலும் பஸ்ஸில் இருப்பேன். தோப்புக்குப் போவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற ஆறு நாளும் போனிலேயே விவசாயம்.

தோப்பில் இரண்டு மரங்களைக் கூன்வண்டு உள்ளே புகுந்து தின்றிருந்தது. வைத்திருந்தால் மற்ற மரங்களுக்கும் பரவும், வெட்டிவிடுங்கள் என்று கிருஷி பவன் விவசாய அலுவலகத்தில் சொன்னார்கள். நானே சுண்ணாம்பைக் கரைத்து இரண்டிலும் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டேன். மரம் வெட்டுகிற ஆறுச்சாமி, வேலை இருக்கிறது, அடுத்த வாரம் திங்கட்கிழமைதான் வர முடியும் என்றார். மீதிச் சுண்ணாம்பை வாளியோடு மோட்டார் ரூமில் வைத்துவிட்டு வந்தேன். இதுவரைக்கும் என் பேரில் தப்பே இல்லை!

இப்போது கீர்த்தனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அண்ணன் மகள். கோயமுத்தூரில் ஒரு காலேஜில் விஷுவல் எஃபெக்ட்ஸ் படிக்கிறாள், கடைசி வருஷம். நாலு நிமிஷக் குறும்படம் ஒன்று செய்து கொடுத்தால்தான் டிகிரி. அதில் அவளே கம்ப்யூட்டரில் உருவாக்கிய ஷாட்கள் குறைந்தது பத்து இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் இன்னொரு வருஷம். அண்ணன் ஏற்கெனவே சொல்லிவிட்டார் — "இன்னொரு வருசமெல்லாம் முடியாது கண்ணு. தேறுனா தேறு, இல்லீன்னா ஊட்ல இரு."

கதை சின்னதுதான். தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்ச வரும் ஒரு பெண். வழி தவறி வந்த ஒரு யானை. அவள் மோட்டார் ரூமுக்குள் ஒளிந்துகொண்டு மூச்சைப் பிடித்து நிற்கிறாள். யானை ஒரு தென்னை மரத்தில் உடம்பைத் தேய்த்துவிட்டுப் போய்விடுகிறது. அந்தப் பெண்ணாக நடித்தவள் கீர்த்தனாவின் வகுப்புத் தோழி செல்வி. இடுக்கி டீ எஸ்டேட்டில் வளர்ந்த பெண்.

நாலு மாதமாகக் கீர்த்தனா அந்த யானையை லேப்டாப்பில் கொண்டுவந்து எனக்குக் காட்டுவாள். முதல் மாதம் அது தோல் இல்லாமல் சாம்பல் நிறப் பொம்மையாக இருந்தது. இரண்டாவது மாதம் தோல் வந்தது, சுருக்கம் வந்தது. எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"ஆனை சூப்பரா இருக்குது கண்ணு."

"இல்லீங்க சித்தப்பா. கால் மண்ணுல படவே இல்ல பாருங்க. ஐஸ் மேல போறாப்பல வழுக்குது. கனமே இல்லீங்க."

மறுபடி பார்த்தேன். ஆமாம், வழுக்கியது! நாலு டன் உருவம், ஆனால் ஒரு சருகு கூட நசுங்கவில்லை. யானையை வரைவது சுலபமாம். அது மிதித்த மண்ணை வரைவதுதான் கஷ்டமாம். இதை யோசித்துக்கொண்டே அன்று நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

தோப்பில் ஷூட்டிங் வைத்துக்கொள்ள என்னிடம் கேட்டாள். தாராளமாக, என்றேன். கேமரா நகரும்போது எந்தப் புள்ளி எங்கே போகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டும். அதற்காக மரங்களில் அடையாளம் போடுவார்கள், பிறகு படத்தில் அழித்துவிடுவார்கள். அவள் கொண்டுவந்த டேப் சொரசொரப்பான தென்னையில் ஒட்டவில்லை. மோட்டார் ரூமில் பார்த்தால்... ஒரு வாளிச் சுண்ணாம்பு! ஆறு மரங்களில் அழகாகப் பெருக்கல் குறி போட்டாள். அது நடந்தது ஞாயிற்றுக்கிழமை. நான் அன்றைக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தேன்.

திங்கட்கிழமை காலை ஆறுச்சாமி போன் செய்தார். என் எதிரே ஆடிட்டர் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, குறி நெறயா இருக்குதுங்களே... எல்லாத்தையும் வெட்டீரலாங்களா?"

வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும், போனில் எனக்குப் பொறுமை கிடையாது.

"எல்லாந்தாங்க! பின்னே குறி எதுக்குங்க போட்டிருக்குது? எத்தனை தடவைங்க சொல்றது?"

எங்கள் பக்கம் கோபம் வந்தாலும் 'ங்க' போகாது. அவரும் "செரிங்க" என்று வைத்துவிட்டார். ஒரு மனிதன் நின்று, யோசித்து, சந்தேகம் கேட்கிறான். அவனை அதட்டி வாயை மூட வைப்பதற்குப் பெயர் நிர்வாகம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, ஏன்?

மீதி ஷாட் எடுக்கப் பெண்கள் இருவரும் பத்தரை பஸ்ஸில் வந்து இறங்கியபோது நாலாவது மரம் விழுந்துகொண்டிருந்தது. வண்டு தின்ற இரண்டு. நல்ல மரம் இரண்டு. அதில் ஒன்று யானை உடம்பு தேய்க்க வேண்டிய மரம்.

மீதி மரங்களை வெட்டாமல் தடுத்துவிட்டுக் கீர்த்தனா எனக்குப் போன் செய்தாள். லீவு போட்டுவிட்டு ஓடினேன். ஆறுச்சாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நானு கேட்டனுங்களே..." என்றார் மெதுவாக. கேட்டார்தான். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கீர்த்தனா விழுந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால் தேவலை. "பாதி சீன் இந்த மரத்தோட எடுத்தாச்சுங்க சித்தப்பா. மீதிக்கு மரம் இல்ல. காலேஜ் ரிவியூவுக்கு இருபது நாள்தான் இருக்குது" என்றாள். வேறு மரத்தில் எடுக்கலாமே என்று உளறினேன். அந்த மரம் லேசாக வாய்க்கால் பக்கம் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்மானத்தை நம்பித்தான் கேமராவே வைத்திருக்கிறாள் என்று செல்வி பொறுமையாகச் சொன்னாள். அவமானமாக இருந்தது எனக்கு.

பிறகு செல்விதான் ஆரம்பித்தாள்.

"ஏ கீர்த்தி, எங்க லயத்து வீட்டுப் பக்கம் ஆனை வரும்ல... முழு ஆனைய யாரு பாத்தா? நாய் குலைக்கும். மரம் ஆடும். சன்னல் வழியா ஒரு காது தெரியும், அம்புட்டுத்தான். அதுக்கே உசுரு போயிரும். நீ மரத்தைச் செய்யி. ஆனையக் கொஞ்சமாக் காட்டு."

கீர்த்தனா எழுந்தாள். ஆறுச்சாமியிடம், "அண்ணா, இன்னைக்குத் துண்டு போட்றாதீங்க" என்றாள். விழுந்து கிடந்த மரத்தை அடியிலிருந்து கொண்டை வரை, ஒவ்வொரு சாணாக, போட்டோ எடுக்க ஆரம்பித்தாள். அடிப்பக்கத்தை ஆறுச்சாமியே உருட்டி உருட்டிக் காட்டினார். நான் மட்டைகளைத் தூக்கிப் பிடித்தேன். என் பிராயச்சித்தம் அன்று சாயங்காலம் வரை நடந்தது.

அடுத்த இருபது நாளில் அந்த மரம் லேப்டாப்புக்குள் திரும்ப முளைத்தது. சாய்மானம் வந்தது. பட்டையில் மரங்கொத்தி போட்ட ஓட்டை வந்தது. யானை உரசும்போது அடிமரம் அசையாமல் கொண்டை மட்டும் ஆட வேண்டும், பிறகு ஒரு காய்ந்த மட்டை தாமதமாக விழ வேண்டும். அந்தத் தாமதத்துக்கு மட்டும் மூன்று நாள். யானையோ சுவரோரம் நகரும் ஒரு நிழல், ஒரு காது, நசுங்கின வாய்க்கால் வரப்பு... அவ்வளவுதான். படம் முடிந்ததும் பார்த்தேன். எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

போன வியாழக்கிழமை ரிவியூ. மத்தியானம் ஆபீஸில் போன் அடித்தது. புது நம்பர்.

"சார், காலேஜ்ல இருந்து பேசறேன். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், எல்லாரும் கேக்கறாங்க. உங்க அண்ணன் பொண்ணு படத்துல யானை வர்றது நாலே ஷாட். மிச்சம் ஆறு ஷாட்ல வெறும் தென்னை மரம்தான் எஃபெக்ட்ஸ்னு சொல்றாங்க. ஊரெல்லாம் தென்னை இருக்கிற பாலக்காட்டுல எதுக்கும்மா கம்ப்யூட்டர்ல தென்னைன்னு கேட்டா... சித்தப்பா வெட்டிட்டாருங்கறாங்க. எண்ணிக்கைக்காகச் செஞ்சதோன்னு எங்களுக்கு சந்தேகம். நிஜமாவே மரத்தை வெட்டிட்டீங்களா?"

என்னைச் சுற்றி ஆபீஸே நிமிர்ந்து பார்த்தது. என் வழக்கப்படி என்றால் சமாளித்திருப்பேன். தகவல் தொடர்பில் சின்னக் குளறுபடி, ஆள் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று நாலு வாக்கியம் சொல்லியிருப்பேன். போனுக்கு அந்தப் பக்கம் கீர்த்தனா நிற்கிறாள். அவளுடைய ஒரு வருஷம் நிற்கிறது.

"நான்தாங்க வெட்டச் சொன்னேன்" என்றேன். "வெட்ட வந்தவர் சந்தேகம் கேட்டாருங்க. காது கொடுக்காம அதட்டிட்டேன். தப்பு முழுக்க என்னோடதுதானுங்க."

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பேப்பர் புரளும் சத்தம். "ஓகே சார். பத்து ஷாட்டும் சரி" என்றார்.

முப்பது வருஷ உத்தியோகத்தில் தப்பை ஒத்துக்கொண்டு நான் ஒருவருக்குப் பாஸ் போட வைத்தது இதுதான் முதல் தடவை.