ஆம்பல்குளத்து வளைவில் வெள்ளைக் கல்

சரசம்மாவுக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கே அவள் ஜெயிப்பாள் என்ற நம்பிக்கை கிடையாது. நின்றாள், ஜெயித்தாள், பஞ்சாயத்து ஆபீசில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த முதல் நாளே, "ஆம்பல்குளத்து வளைவுல கல்லு நடணும்" என்று ஆரம்பித்தவள்தான். அப்புறம் எந்தக் கூட்டமானாலும் அவள் வாயில் அந்தக் கல்தான். பிரசிடெண்ட் அவளைக் கண்டாலே, "கல்லுதானே அம்மா, எழுதியாச்சு, எழுதியாச்சு" என்று கையெடுத்துக் கும்பிடுவார்.

அவள் கேட்டதிலும் நியாயம் உண்டு. பாறசாலையிலிருந்து பொழியூர்க் கடற்கரைக்குப் போகிற கிளை ரோடு, செம்மண்விளை மேட்டிலிருந்து சரிந்து இறங்கி, ஆம்பல்குளத்தங்கரையில் வந்து முழங்கை மாதிரி மடங்கும். வெயில் காலத்தில் ஒரு பயமும் இல்லை. ஆடி மழையில் குளம் நிறைந்து ரோட்டின்மேல் ஏறிவிட்டால் போச்சு! எது ரோடு, எது குளம் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. எல்லாம் ஒரே செந்தண்ணீர்.

சரசம்மாவின் புருஷன் பொன்னப்பன் மாட்டுவண்டி ஓட்டினவர். தேங்காய் ஏற்றிக்கொண்டு வந்தவர், ஓர் ஆடி மாதம், ரோடு என்று நினைத்து வண்டியைக் குளத்துக்குள் திருப்பிவிட்டார். பக்கத்து விளையில் மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த ஈசாக் குதித்து, முங்கி, அவரை இழுத்துக் கரையில் போட்டான். என்ன செய்ய, உயிர் இல்லை. மறு வருஷம் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் சரசம்மா நின்றாள். வளைவில் இடுப்பளவுக்கு ஒரு வரிசைக் கல் நட்டு, வெள்ளையடித்து நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு ராஜ்யம்.

ஆனால் பஞ்சாயத்தின் ரோடு-கிணறு-விளக்குக் கமிட்டி இருக்கிறதே, அதில் ஒரு காரியம் நடக்கணுமானால் கடவுளே இறங்கி வந்து கை தூக்கினாலும் போதாது! ஊர் மதராசோடா, மலையாளத்தோடா என்று எல்லை வழக்கு கொதித்த காலம். கமிட்டியில் பாதிப் பேர் தமிழ்க் கட்சி, பாதிப் பேர் மலையாளக் கட்சி. தமிழன் கொண்டுவந்த காரியத்துக்கு மலையாளி கை தூக்க மாட்டான். மலையாளி கொண்டுவந்ததற்குத் தமிழன் தூக்க மாட்டான். பிரசிடெண்ட் இரண்டு பக்கமும் பயந்து கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சந்தி விளக்குக்குச் சிம்னி உடைந்து எத்தனையோ மாதம், தள்ளி வைப்பு. பள்ளிக்கூடத்துக் கிணற்றுச் சுவர் இடிந்தது; தள்ளி வைப்பு. ஆம்பல்குளத்தங்கரையில் ரோட்டுக்குமேல் சாய்ந்த அயனிமரத்தை வெட்டுகிற விஷயமும் தள்ளி வைப்பு. கடைசியில் மரம் தானே விழுந்தது, பஞ்சாயத்துக்கு ஒரு வேலை மிச்சம்.

தமிழ்க் கட்சிக்கு ஈசாக்தான் தலை. குளத்தில் குதித்த அதே ஈசாக். நல்ல மனசு, வாய்தான் வெடிக்கட்டு. மலையாளக் கட்சிக்கு மோகனன். சாயாக்கடை வைத்திருந்தான், அவன் ஆற்றுகிற சாயாவைவிட அவன் பேச்சுக்குச் சூடு அதிகம். இரண்டு பேரும் சேர்ந்து படித்தவர்கள். இப்போது ஒருத்தன் இருக்கிற பெஞ்சில் மற்றவன் இருக்க மாட்டான்.

சரசம்மா மூன்று வருஷம் பார்த்தாள். அதற்குமேல் அவளுக்குப் பொறுமை இல்லை. நேரே மோகனன் கடைக்குப் போனாள்.

"ஒனக்க ஆளுவளுக்குக் கெணத்துச் சொவரு வேணும். நான் கை தூக்குதேன். எனக்கக் கல்லுக்கு நீ தூக்கணும்."

"சேச்சி, ஈசாக்கு அறிஞ்ஞா சேச்சிய கொல்லும்" என்றான் மோகனன்.

"அவன நான் பாத்துக்கிடுதேன். அவனுக்குச் சந்தி விளக்கு வேணுமாக்கும்."

ஐம்பத்தாறாம் வருஷம் ஆனி மாதக் கூட்டம். அன்றைக்கு வாசல் போர்டில் தமிழ் மேலேயா, மலையாளம் மேலேயா என்று ஈசாக்குக்கும் மோகனனுக்கும் கைகலப்பு வரை போய்விட்டது. பிரசிடெண்ட் கல் விஷயத்தை வாசிக்கிறார், யார் கேட்கிறார்கள்? சரசம்மா நடுவில் போய் நின்று இவன் முதுகில் ஒரு தட்டு, அவன் முதுகில் ஒரு தட்டு. "தூக்குலே கைய! தூக்கு மோகனா!" ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக் குரைத்துக்கொண்டே இரண்டு பேரும் கை தூக்கினார்கள். தலைவன் தூக்கினால் தொண்டன் சும்மா இருப்பானா? எல்லாக் கையும் தூக்கியாச்சு. கிணறு, விளக்கு, கல் மூன்றும் பாஸ்! அன்றைக்குச் சரசம்மாவின் கால் தரையில் பாவவில்லை.

ஆடி பிறந்ததும் காக்கிச் சட்டை போட்ட ஓவர்சியர் ஒருத்தர் வந்து வளைவில் சங்கிலி பிடித்து அளந்தார். கொத்தனார் தங்கப்பன் கல்லை இறக்கி நட்டு, பளபளவென்று வெள்ளையடித்தார். ஆடி அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. மலையாளத்தான் கர்க்கடக வாவு என்பான். செத்தவர்களுக்குப் பலி போட ஊரெல்லாம் பொழியூர்க் கடலுக்கு அந்த வழியாகத்தான் போகும். சரசம்மா பஸ் டிரைவர் ரபேலை வழி மறித்து நிறுத்தி, "இனி பயப்படாண்டாம் கேட்டியா! வெள்ளக் கல்லு தெரியும், கல்லுக்கு உள்ள பிடிச்சிட்டே வா" என்று சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

இனிதான் கேளுங்க கூத்தை.

விளவங்கோடு தாலுகா மதராசோடு போகும், நெய்யாற்றின்கரைத் தாலுகா மலையாளத்தோடேயே கிடக்கும் என்று பேப்பரில் வந்திருந்தது. ஆனால் கோடு எந்த விளை வழியாகப் போகும், யார் வீட்டு அடுக்களையைப் பிளக்கும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. ரோட்டில் ஒருத்தன் குச்சி நட்டால் பத்துப் பேர் ஓடிவந்து எட்டிப் பார்க்கிற காலம் அது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு காக்கிச் சட்டைக்காரன் சங்கிலி பிடித்து அளந்து, வரிசையாக வெள்ளைக் கல் நட்டுவிட்டுப் போனால் சனம் என்ன நினைக்கும்?

வாவுக்கு முந்தின நாள் மத்தியானம், சரசம்மா பலிக்கு எள்ளும் பச்சரிசியும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். தங்கப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "சரசம்மோ! கல்லப் பிடுங்குதானுவ! எல்லைக் கல்லாம்!"

அய்யய்யோ! மழையும் பார்க்கவில்லை, குடையும் எடுக்கவில்லை, ஓடினாள். அங்கே தெற்கு முனையிலிருந்து ஈசாக்கும் அவன் ஆட்களும், "கொளத்த மலையாளத்தானுக்கு எழுதிக் குடுத்துட்டானுவ!" என்று கடப்பாறை போட்டுப் பிடுங்கிக்கொண்டு வருகிறார்கள். வடக்கு முனையிலிருந்து மோகனனும் அவன் ஆட்களும், "குளம் மதராசிக்குக் கொடுத்தே!" என்று பிடுங்கிக்கொண்டு வருகிறார்கள். எதிராளியும் பிடுங்குகிறானே, அப்படியானால் கல்லை நட்டது யார், சரசம்மா கேட்டுக் கேட்டு வாங்கின கல்தானோ இது என்று ஒரு தலையிலாவது தோன்ற வேண்டுமே! தோன்றவில்லை. யார் அதிகம் பிடுங்குவது என்று போட்டி. மழையில் இளகின மண்; கல் பல் மாதிரி வந்தது. குளம் அதற்குள் ரோட்டில் ஏறிவிட்டது. கல் பிடுங்கின குழியெல்லாம் செந்தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தது.

"எலே கழுதைகளா!" என்று சரசம்மா போட்ட சத்தத்தில் கடப்பாறைகள் அப்படியே நின்றன. "எல்லைக் கல்லா இது? வண்டி கொளத்துல போவாம இருக்கதுக்கு நட்ட கல்லு! ஈசாக்கு, நீ கை தூக்கின கல்லாக்கும் இது! மோகனா, நீயும்தான் தூக்கின!"

"நானா? எப்பம்?" என்றான் ஈசாக்.

"போர்டுக்குச் சண்ட போட்டியே, அப்பம்!"

இரண்டு பேரும் முழித்த முழியை ஆம்பல்குளத்துத் தவளைகூட முழித்திருக்காது. மோகனன் மெல்ல, "சேச்சி அன்னு கடையில் பறஞ்ஞ கல்லு இதாயிருந்நோ?" என்றான். பின்னாலிருந்து எவனோ சிரித்தான். அதே நேரம் செம்மண்விளை மேட்டுக்கு அப்புறம் பஸ் ஹாரன் கேட்டது.

சரசம்மா மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். ரபேலின் பஸ். வாவுக்குப் போகிற கிழடு கட்டைகள் நிறைய. மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கினால் அந்தச் சேற்றில் பிரேக் பிடித்து நிறுத்த முடியாது. வளைவு தாண்டித்தான் நிற்கும். அவனோ வெள்ளைக் கல்லை நம்பி வருகிறான். நம்பச் சொன்னது அவளேதான்! நட்டு வைக்க நேரம் இல்லை. ஓடிப்போய்ச் சொல்லவும் நேரம் இல்லை, பஸ் மூக்கு மேட்டில் தெரிந்துவிட்டது.

"பிடுங்கினவன் எல்லாம் பிடுங்கின குழியில எறங்கு!" என்று கத்தினாள். "எறங்குலே! கல்லுக்குப் பதிலா நீ நில்லு! மடிச்சுக் கெட்டுன வேட்டிய அவுத்து விடு, வெள்ளை தெரியட்டும்!"

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தண்ணீருக்குள் காலால் துழாவித் துழாவி அவனவன் தோண்டின குழியைக் கண்டுபிடித்து இறங்கினான். மடித்துக் கட்டின வேட்டிகள் தொப்பென்று அவிழ்ந்து விழுந்தன. தமிழ் வேட்டி, மலையாள முண்டு, எல்லாம் ஒரே வெள்ளை. நடுவில் இரண்டு கூட்டமும் முட்டின இடத்தில் ஈசாக்கும் மோகனனும் பக்கத்துப் பக்கத்துக் குழி. பஸ் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பின்பக்கம் குளத்தைப் பார்த்து ஒரு ஆட்டம் ஆட்டியது. மோகனன் ஈசாக்கின் கையை எட்டிப் பிடித்தான், ஈசாக் விடவில்லை. "பிடிச்சு வா ரபேலே! எங்கள ஒட்டிப் பிடி!" என்று அத்தனை பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். பஸ்ஸின் தகரம் ஈசாக்கின் சட்டையை உரசிக்கொண்டு வளைந்தது. உள்ளே கிழவிகள் போட்ட கூப்பாடு கடல் வரை கேட்டிருக்கும்.

பஸ் வளைவு தாண்டி நின்றது. ரபேல் இறங்கி வரிசையைப் பார்த்தான். "கல்லு இருக்குன்னு சொன்னிய, ஆளா நிக்கியானுவ?" என்று கேட்டான். ஊரே கொல்லென்று சிரித்தது. சரசம்மாவும் சிரித்தாள், முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு.

"சரி, கல்லத் திருப்பி நடு தங்கப்பண்ணே" என்றாள்.

தங்கப்பன் ஒரு கறார் பேர்வழி. "தீர்மானம் இல்லாம நட மாட்டேன். நாளைக்கு எவனாவது கேட்டா?"

அப்படியானால் இங்கேயே கூட்டம்! மழையில், முழங்கால் தண்ணீரில், கமிட்டி கூடியது. கல் நட வேண்டும் என்று ஈசாக் சொன்னான். "ஞான் பின்தாங்குந்நு" என்று அதை ஆமோதித்தான் மோகனன். அந்தக் கமிட்டி பிறந்த நாள் முதல் கண்டிராத அதிசயம் அது! குழிக்குள் நின்றவர்கள் எல்லாரும் கை தூக்கினார்கள்.

குழியை விட்டு ஒருத்தரும் அசையக் கூடாது என்றார் தங்கப்பன். அசைந்தால் தண்ணீருக்குள் இடம் தப்பிவிடும். ஓர் ஆள் ஏற, அந்த இடத்தில் ஒரு கல் இறங்கியது. இப்படியே இரண்டு முனையிலிருந்தும் வந்து, கடைசியில் ஈசாக் மட்டும் நின்றான்.

"ஏறுலே" என்றாள் சரசம்மா.

ஈசாக் ஏறவில்லை. கரையில் அந்த விழுந்த அயனிமரத்தின் அடிக்குற்றியைப் பார்த்தான், பின்னால் குளத்தைப் பார்த்தான். அந்த இடம் அவனுக்கு இப்போதுதான் பிடிபட்டது. அன்றைக்கு அந்த மரத்தடியிலிருந்துதான் அவன் குதித்தான். பொன்னப்பனின் வண்டி இறங்கின தடம் அது.

"அக்கா... இந்தக் கல்லயா நான் பிடுங்கினேன்?"

அவன் குழந்தை மாதிரி அழுதான். ஏறி வந்து, தங்கப்பனைத் தள்ளிவிட்டு, கல்லைத் தானே தூக்கி இறக்கினான். மறுபக்கம் மோகனன் தாங்கினான்.

"ஆழமா எறக்கு மோகனா" என்றான் ஈசாக். "இனி எந்த மடையன் வந்தாலும் பிடுங்கக் கூடாது."

சரசம்மா கல்லை ஒரு தடவை அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்தாள்.

"நாளைக்கு அவருக்குப் பலி போடும்போ சொல்லுதேன், கல்லு நட்டாச்சுன்னு. நீங்க ரெண்டு பேரும் இனி கையத் தூக்கதுக்கு முன்ன காதத் தொறந்து வையுங்க, கேட்டியளா?"

மறுநாள் காலை பொழியூர் பஸ் அவளை ஏற்றிக்கொண்டு அந்த வளைவில் இறங்கியது. கல்லெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஈசாக்கும் மோகனனும் இரண்டு முனையிலும், வேட்டியை இறக்கி விட்டு, காவலுக்கு நின்றார்கள்.