குலுங்காத டப்பா

ஒரு விடுகதை. வீட்டுக்குள்ளேயே படுத்திருப்பான், தேடினால் அகப்பட மாட்டான், காவல்காரன் நகர்ந்தால் எழுந்து வீட்டையே உடைப்பான். அவன் யார்?

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுக்கும் ஒரு சிகந்திராபாத் மையத்தில் நான் ஆலோசகர். இந்த விடுகதையைப் போடாமல் எனக்கு ஒரு வாரமும் கழிவதில்லை. நாள் தவறாமல் மாத்திரை விழுங்குகிறவர்களுக்கும், விழுங்கச் சொல்லியே தொண்டை வற்றியவர்களுக்கும் இந்தப் பாடு தெரியும். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக் காது

கமலா அல்வாலிலிருந்து வருவார். அவருக்கும், பிறவியிலேயே தொற்று வந்த மகள் திவ்யாவுக்கும் எங்களிடம்தான் மருந்து. மிச்சம் பார்ப்பதற்காக டப்பாவைக் கொண்டுவரச் சொல்வது எங்கள் வழக்கம். திவ்யாவின் டப்பாவை வாங்கிக் குலுக்கினேன், சத்தமே இல்லை. மாத்திரை தீர்ந்தும் சொல்லாமல் இருந்துவிட்டாரோ என்று பயந்து திறந்தால், மாத்திரைகளுக்கு மேல் வெள்ளைப் பஞ்சு.

“பஞ்சு ஈரம் இழுக்குமே?” என்றேன்.

“ஜீடிமெட்லா மருந்து கம்பெனில நாள் பூரா மாத்திரை டப்பா அடைக்கிறவ நான், தெரியாதா மேடம்? அப்பப்ப மாத்திடுவேன். குலுங்கினா பக்கத்து வீட்டுக்காரி அவ ஹிந்தில ‘கைக்கு, கைக்கு’ன்னு, எதுக்கு மாத்திரைன்னு குடைவா. அவளுக்கு யாரு பதில் சொல்றது?”

ரிப்போர்ட்

திவ்யாவுக்குப் பதினொரு வயது. சென்ற வருடம் அவள் ரத்தத்தில் வைரஸ் ஏறியிருந்தது. ‘சத்து மாத்திரை’ என்று சொல்லி வைத்திருந்தார் கமலா. ‘எனக்குச் சத்து போதும்’ என்று முடிவு செய்து, அவள் அதை ஜன்னல் வழியே எறிந்து வந்திருக்கிறாள்.

அதன் பிறகு நானும் கமலாவும் உண்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னோம். அழுதாள், அம்மாவோடு பேச மறுத்தாள், மாத்திரையை மட்டும் விடவில்லை. இந்த முறை ‘வைரஸ் தென்படவில்லை’ என்று வந்தது. கமலா ரிப்போர்ட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திவ்யா என்னைப் பார்த்தாள்.

“காணோம்னா இனிமே மாத்திரை நக்கோ, வேணாம், இல்லயா ஆன்ட்டி?”

காவல்காரனின் லீவு

விடுகதையைப் போட்டேன்.

“வீடு என் உடம்பு. படுத்திருக்கிறது வைரஸ். காவல்காரன் மாத்திரை. அவன் போயிட்டா இவன் எந்திரிச்சிடுவான்,” என்றாள். “சண்டேயாச்சும் அவனுக்கு லீவு உண்டா?”

மருந்து கொடுக்கும் ஜன்னலிலிருந்து எங்கள் யாதகிரி தலையை நீட்டினார்.

“லீவு எனக்குத்தான் பேட்டா, என் கண்ணு, அவனுக்கு லேது!”

டூர்

போன வாரம் கமலா பதறிக்கொண்டு வந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. பள்ளியில் இரண்டு நாள் டூர். ராத்திரி பெண்கள் எல்லாரும் ஒரே அறை.

“யாராச்சும் பாத்துட்டா ஸ்கூல் பூரா பேச்சாயிடும் மேடம். ரெண்டு நாள் மாத்திரையை விடட்டுமா, இல்ல டூரை விடட்டுமா?”

மாத்திரையை விடவே கூடாது என்றேன். டூரைப் பற்றித் திவ்யாவையே கேட்டோம்.

“ரெண்டையும் விட மாட்டேன். யாராச்சும் கேட்டா, நான் தினம் போடுற மாத்திரைன்னு சொல்வேன். அது பொய் இல்லயே மம்மி.”

ஆலோசகர் நாற்காலியில் இத்தனை வருடம் உட்கார்ந்தும் இவ்வளவு சுருக்கமான ஆலோசனை எனக்கு வாய்த்ததில்லை. கமலா திவ்யாவின் டப்பாவைத் திறந்து பழைய பஞ்சை எடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் கைப்பையிலிருந்து புதுப் பஞ்சை உருட்டி அவளிடம் நீட்டினார்.

திவ்யா பஞ்சை மேசைமேல் வைத்துவிட்டு, டப்பாவை மூடித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.