நடுச்சுவரில் மூன்று தட்டு

“தட்டாம கடப்பாறைய வைக்காதீங்கன்னு...”

“காலி மாடில எவன்டி பதிலுக்கு...”

“கட்டடக்கார பாய் சாவி கொண்டாரட்டும்னா கேக்கறீங்களா?”

“நாளைக்குத் தீபாவளிச் சரக்கு இறங்குது. உன் தலைமேலயா அடுக்கறது?”

ஜவுளிக்கடைக் கலைச்செல்வனும் மனைவி ஜோதியும் இப்படி மல்லுக்கு நின்றது இரண்டாயிரத்து நாலு ஐப்பசியில், அரியலூர் கடைவீதியில். கட்டுக்கதை என்பவர்கள் ஜோதியின் முழங்கையைப் பார்க்கட்டும். தழும்பு இன்னும் இருக்கிறது.

அந்த வீதியின் பழைய கட்டடங்களில் கீழே கடை, மேலே குடித்தனம். அடுத்தடுத்த மாடிகளுக்கு நடுவே ஒரே சுண்ணாம்புச் சுவர். ஆணி அடிப்பதென்றால் முதலில் மூன்று தட்டு. அந்தப் பக்கத்தார் சுவரில் மாட்டியிருப்பதை எடுத்துவிட்டுத் திருப்பித் தட்டுவார்கள். அப்புறம்தான் சுத்தியல். பூட்டிக் கிடந்த பக்கத்து மாடியையும் வாடகைக்குப் பேசியிருந்தான் கலைச்செல்வன். சுவரில் வழி உடைக்க அவசரம்.

ஜோதி விடவில்லை. தட்டினாள்.

டொக்... டொக்... டொக்.

பொழுது சாய்ந்திருந்தது. கரண்ட் வேறு இல்லை.

அந்தப் பக்கமிருந்து... டொக். டொக். டொக்.

“பாத்தியா, பாய் ஆள் அனுப்பிட்டாரு!” என்று சிரித்தான் கலைச்செல்வன்.

கடப்பாறை பாய்ந்தது. செங்கல் அந்தப் பக்கம் விழுந்தது. சத்தம் உடனே வரவில்லை. எங்கோ கீழே, தாமதமாக... தொப்.

ஜோதி கடப்பாறையைப் பிடித்தாள். “ஏங்க, போதும்.”

அதற்குள் ஆள் நுழையும் ஓட்டை. உள்ளே கும்மிருட்டு. ஈரக் காற்று.

ஒரு பெண் குரல். மிகப் பக்கத்தில்.

“கடிகாரத்த எடுத்துட்டேன்... வாங்க.”

கலைச்செல்வன் காலை வைத்தான்.

கால் இறங்கியது.

இறங்கிக்கொண்டே...

ஜோதி அவன் சட்டையைப் பிடித்தாள். உடைந்த செங்கல் முழங்கையைக் கிழித்தது. விடவில்லை. இழுத்துப் போட்டாள்.

விளக்கு வைத்த பிறகு, லப்பைக்குடிக்காட்டிலிருந்து சாவியோடு வந்தார் கட்டடச் சொந்தக்காரர் ஹபிபுல்லா பாய். ஓட்டையைப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“யா அல்லாஹ்! நான் வர்ற வரைக்கும் சுவத்துல கை வைக்காதீங்கன்னேனே தம்பி. அந்தப் பக்கம் தளமே இல்ல, அதச் சொல்லத்தான் நேர்ல வந்தேன். எட்டு வருஷம் முந்தி மழைல விழுந்துடுச்சு.”

“அப்ப... ‘கடிகாரத்த எடுத்துட்டேன்’னு பேசின பொம்பள யாருங்க?” என்றாள் ஜோதி.



“என் தங்கச்சி மர்ஜியாம்மா. அன்னைக்கு இங்க குடியிருந்தவங்க ஆணி அடிக்கத் தட்டினாங்க. கடிகாரத்த எடுக்கப் போனா. தளத்தோட போயிட்டா. திருப்பித் தட்டவே இல்ல.”



மீதிச் சுவரில்...

டொக்.

டொக்.

டொக்.

இந்தப் பக்கம் மாட்டியிருந்த அவர்களின் கல்யாணப் படம் ஆடியது.

“ஏங்க... இப்ப அவங்க தட்டிக் கேக்கறாங்க. நாம என்ன பதில் சொல்றது?”