மதகடியில் நிற்கும் வாத்து

அந்த யோசனை வந்தது காவிரிப் பாலத்தின் நடுவில், நகராத பஸ்ஸில். முன்னால் ஏதோ லாரி மக்கர் பண்ணிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் அக்கா பெண். எட்டு வயது, கோடை விடுமுறைக்கு பெங்களூரிலிருந்து ஸ்ரீரங்கம் வந்திருக்கிறாள். அவள் கையில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்த என் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. அவள் முகமும் கூடவே அணைந்தது. வேறு வழி தெரியாமல், நான்காம் வகுப்பில் படித்த ஒரு நாவலின் கதையை எடுத்துவிட்டேன். அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள், ஒரு கால் குட்டையான வாத்து ஒன்றை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மந்தை போன திசையில் அது வாய்க்காலோரமாகத் தனியாக நடக்க ஆரம்பிக்கிறது.

“அப்புறம்?” என்றாள்.

சொன்னேன்.

“அப்புறம்?”

பின்னாலிருந்து கண்டக்டர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். “நாய் வந்துச்சுன்னு சொன்னீங்களே, அப்புறம் என்னம்மா ஆச்சு?”

லாரி நகர்ந்தது, பஸ் கிளம்பியது, ராஜகோபுரம் ஸ்டாப் வந்துவிட்டது. கண்டக்டர் விசில் ஊதப் போனவர் ஊதாமல், “நல்ல எடத்துல எறங்குறீங்க, போங்க” என்று அலுத்துக்கொண்டார். எனக்குள் பட்டாசு வெடித்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அவள் பெங்களூர் ரயில் ஏற இன்னும் பதினாறு முழு நாள். நாளுக்கு ஏழு பக்கம். தினம் சாயங்காலம் காபி முடிந்ததும் குடும்பமே கூடத்தில் உட்கார வேண்டும், நான் வாசிக்க வேண்டும், கடைசிப் பத்து நிமிடம் எல்லாரும் பேச வேண்டும். அவள் பள்ளியில் கன்னடமும் ஹிந்தியும்தான். தமிழ் எழுத்துத் தெரியாது. காதால் கேட்டால்தான் உண்டு. பதினாறாம் நாள் வாத்து மந்தையோடு சேர்ந்ததா இல்லையா என்று தெரிந்துகொண்டு அவள் ரயில் ஏறுவாள்.

நாவலின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கள் வீட்டைப் போன்ற இன்னும் நூறு வீடுகள் அதை வாங்கிக் கூடத்தில் வைத்துக் கொன்றுவிடும்.

எங்கள் வீட்டைப் பற்றி நான் மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. மாடியில் குடியிருக்கும் பெரியப்பா முப்பது வருஷமாக உபன்யாசம் கேட்கிறவர். பாசுரத்தில் ஒரு வரியை எடுத்துக்கொண்டு மூன்று சாயங்காலம் பேசுவார்கள். இவர் முதல் வரிசையில் உட்கார்ந்து மூன்று சாயங்காலமும் தலையாட்டுவார். அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. அந்த வரிகள் அதற்கென்றே இருக்கின்றன, எத்தனை பேர் ஏறி உட்கார்ந்தாலும் தாங்கும். ஒரு நொண்டி வாத்து தாங்குமா?

முதல் நாள். காபி டம்ளர்கள் உள்ளே போயின. பெரியப்பா நாற்காலியில், அப்பா ஊஞ்சலில், அக்கா சுவரில் சாய்ந்து, அம்மா சமையலறை வாசலில். குழந்தை என் முழங்காலில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் முதல் வரியை வாசித்தேன்: வாத்துக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை.

பெரியப்பா கையைத் தூக்கினார். “நிறுத்து. ‘கொஞ்சம்’னு ஏன் போட்டார்?”

“கொஞ்சம்தான் குட்டை, அதனால போட்டிருக்கார் பெரியப்பா.”

“அசடே. ஒரு வார்த்தையும் சும்மா வராது. ரொம்பக் குட்டைன்னா வாத்தால நடக்கவே முடியாது. குட்டையே இல்லேன்னா அதை யாரும் விட்டுட்டுப் போகமாட்டா. ரெண்டுக்கும் நடுவுல நிக்கறது பாரு இந்தக் கொஞ்சம்! ஆஹா!”

அவருடைய ஆஹா முடிய நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் மனிதப் பிறவியின் குறை, தன் அலுவலகத்தில் பதவி உயர்வு தவறியது, வடக்கே யாத்திரை போனபோது செருப்பு அறுந்தது எல்லாம் வாத்தின் காலடியில் வந்து சேர்ந்தன. நடுநடுவே சட்டைப் பையிலிருந்து மணப்பாறை முறுக்கை எடுத்து எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்தார். அப்பா அதற்குள் போனில் எழுத்தாளர் எந்த ஊர்க்காரர் என்று தேடிக் கண்டுபிடித்து, பிறந்த வருஷத்தை வாசித்து, அவர் பிழைப்புக்கு என்ன உத்தியோகம் பார்த்தார் என்பதில் போய் மாட்டிக்கொண்டார். அக்கா எங்களை நான்கு கோணத்தில் படம் எடுத்து, குடும்ப வாசிப்பு நேரம் என்று ஸ்டேட்டஸ் வைத்தாள். வைத்துவிட்டு யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று வாசித்தது ஒன்றரைப் பக்கம்.

குழந்தை என் காதில் கேட்டாள்: “சித்தி, அப்புறம்?”

“நாளைக்கு.”

மறுநாள் ஆரம்பிப்பதற்குள் அப்பா பரீட்சை வைத்தார். பேங்க்கில் வேலை பார்ப்பவர். எதையும் சரிபார்க்காமல் அடுத்த பக்கம் திருப்பினால் அவருக்கு உடம்பு கூசும். “நேத்து வாத்து எந்தப் பக்கம் திரும்பித்து? சொல்லு பாப்போம்.”

“லெஃப்ட்.”

“தப்பு. கிழக்க.”

“கிழக்கன்னா எது தாத்தா?”

அந்தக் கேள்விக்காக எல்லாரும் எழுந்து பால்கனிக்குப் போய் கோபுரத்தை வைத்து திசை கண்டுபிடித்தார்கள். வாத்து கூடத்தில் குப்புறக் கிடந்தது.

புத்தகத்தை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அதை நகரவே விடாத ஒரு ஜாதி மனிதர்கள் இருக்கிறார்கள். பால் பாயசத்தைக் குடிக்கக் கொடுத்தால் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஏலக்காய் எங்கே மிதக்கிறது என்று பேசிப் பேசி ஆறவைத்து ஆடை படியவைப்பவர்கள். ஆறினதும் ரொம்பப் பிரமாதம் என்பார்கள். குடித்திருக்க மாட்டார்கள். இவர்களைவிடப் புத்தகமே தொடாதவர்கள் மேல். கண்டக்டர் மேல். அவருக்கு நாய் வந்தால் அடுத்து என்ன என்று தெரிய வேண்டும். அந்த ஒரு நாகரிகம் எங்கள் கூடத்தில் யாருக்கும் இல்லை.

அம்மாவைச் சொல்லக்கூடாது. அவள் இரண்டு காதையும் இங்கே வைத்துவிட்டுக் கையால் மட்டும் தளிகை பண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் சமையலறையிலிருந்து, “பேச்சை நிறுத்திட்டுப் படிங்களேன், அது பாட்டுக்கு வெயில்ல நிக்கறது” என்றாள். பெரியப்பா அதையும் விடவில்லை. “வெயில்! நன்னா கேட்டே. வெயில்னு புஸ்தகத்துல எங்கேயும் இல்லையே, எப்படித் தோணித்து உனக்கு?” என்று ஆரம்பித்தார். அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆறாம் நாள் பதினேழாம் பக்கம். பத்தாம் நாள் இருபத்தைந்து. குழந்தை தினமும் ஒரு மொசைக் கட்டம் தள்ளித் தள்ளி உட்கார ஆரம்பித்திருந்தாள். முதல் நாள் என் முழங்கால். ஆறாம் நாள் பீரோவின் ஓரம். பத்தாம் நாள் வாசல் நிலைப்படி, செருப்புகளுக்குப் பக்கத்தில். ‘அப்புறம்’ என்று கேட்பதையும் விட்டுவிட்டாள்.

பதினோராம் நாள் கடவுள் கண்ணைத் திறந்தார். பெரியப்பா தன் கூட்டத்தோடு திருவெள்ளறை பெருமாளைச் சேவிக்கப் போய்விட்டார். அப்பாவுக்கு பேங்க்கில் ஆடிட். அக்கா தெப்பக்குளம் பக்கம் கடைகளுக்கு. நான், குழந்தை, உள்ளே அம்மா. மூச்சு விடாமல் வாசித்தேன். இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு. நிலைப்படியிலிருந்து குழந்தை பீரோவுக்கு வந்தாள். முப்பதாம் பக்கத்தில் என் முழங்காலுக்கு வந்துவிட்டாள். முப்பத்தொன்று: வாத்து ஒரு மதகுக்கு வந்து சேர்கிறது. மதகு மூடியிருக்கிறது. அந்தப் பக்கம் தண்ணீர், இந்தப் பக்கம் சேறு, கரைமேல் நாய். மதகு திறக்கிற ஆள் சாவியோடு தூரத்தில் வருகிறான்.

“அப்புறம்?” என்றாள் குழந்தை. ஐந்து நாளைக்கப்புறம் முதல் அப்புறம்.

நான் புத்தகத்தை மடியில் கவிழ்த்தேன். “இங்க ஒண்ணு கவனிச்சியா? சாவி யார் கைல இருக்கு? தண்ணி எல்லாருக்கும் பொதுதானே, அப்போ ஒருத்தன் கைல மட்டும் ஏன் சாவி?” என்று ஆரம்பித்தேன். கல்லூரியில் எழுதிய கட்டுரை ஒன்று தொண்டையில் தயாராக இருந்திருக்கிறது. மேல்மடை, கடைமடை, யாருக்கு முதல் தண்ணீர், யாருக்குச் சேறு, இந்த வாத்து உண்மையில் யார். கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். மிக நன்றாகப் பேசினேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

“டீ, அது கரையேறித்தா இல்லையா?” என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள். “அடுப்புல சாத்தமுது பொங்கி வழியறது, சட்டுனு சொல்லு!”

“இரும்மா, முக்கியமான இடம்.”

திரும்பிப் பார்த்தபோது குழந்தை நிலைப்படியில் இருந்தாள். ஒரு செருப்பின் வாரைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“பெரிய தாத்தாவே பரவால்ல சித்தி,” என்றாள். “அவராவது நடுவுல முறுக்கு குடுப்பார்.”

பதினோரு நாளாக நான் எல்லாரையும் மனசுக்குள் திட்டித் தீர்த்த அத்தனை வார்த்தையும் அப்படியே திரும்பி என் வீட்டு விலாசத்துக்கே வந்து சேர்ந்தன. பெரியப்பாவாவது நாற்காலியில் உட்கார்ந்து அறுக்கிறார். நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறுத்திருக்கிறேன். பாயசத்தை ஆறவைப்பவர்களின் ஜாதிக்கு வெளியிலிருந்து யாரும் என்னைக் கொண்டுவந்து இந்த வீட்டில் விடவில்லை. அவமானத்தில் மேற்கொண்டு ஒரு வரி வாசிக்க வாய் வரவில்லை. மறுநாளும் தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

பதின்மூன்றாம் நாள், அதாவது இன்றைக்குச் சாயங்காலம், பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். இன்னும் மூன்று நாளில் முடியாது, அவசரப்பட்டால் ரசம் கெட்டுவிடும். மீதியை அடுத்த லீவுக்கு நிதானமாக வைத்துக்கொள்ளலாம். கடைசிப் பக்கத்தன்று பாராயணம் முடிக்கிற மாதிரி முறையாகச் சாத்துமுறையே வைத்து, கண்ணமுது என்று பாயசம் பண்ணி, தெருவில் நாலு பேரைக் கூப்பிடலாம். அப்பா, “நல்ல ஐடியா” என்று போனில் அடுத்த வருஷத்துக்குக் குறித்துக்கொண்டார். அக்கா, “கண்ணமுதோட போட்டோ நன்னா வரும்” என்றாள்.

குழந்தை நிலைப்படியிலிருந்து எழுந்தாள். “அதுவரைக்கும் வாத்து அங்கயேவா நிக்கும்?”

இப்போதாவது ஒருவர் வெட்கப்படுவார் என்று பார்த்தேன்.

“ஆஹா!” என்றார் பெரியப்பா. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “கேட்டேளா கேள்வியை? நிக்கும்னா என்ன அர்த்தம்? நிக்கறது வேற, காத்துண்டிருக்கறது வேற...”

அவள் அக்காவின் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கார்ட்டூன் சத்தம் வந்தது. அதில் ஏதோ பூனை எதையோ துரத்திக்கொண்டு ஓடியது. அதுவாவது ஓடியது.

நான் பின்னாலேயே போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். “கடைசில என்ன ஆறதுன்னு இப்பவே சொல்லிடட்டுமா?”

“வேண்டாம். நடுவுல விட்டுட்டுக் கடைசிய மட்டும் சொன்னா நன்னா இருக்காது.” போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அன்னிக்குப் பஸ்ல மட்டும் நன்னா சொன்ன. இங்க ஏன் சித்தி இப்படிப் பண்ற?”

பதில் யோசித்தேன். பஸ்ஸில் நான் கத்த வேண்டியிருந்தது. கத்திக்கொண்டே யாராலும் வியாக்கியானம் பண்ண முடியாது. பஸ்ஸில் நாற்காலி கிடையாது, ஊஞ்சல் கிடையாது, தலையாட்ட ஆள் கிடையாது. அடுத்த ஸ்டாப் வந்துவிடும் என்ற பயம் மட்டும் உண்டு.

மீதி எண்பத்தொரு பக்கம். நாள் மூன்று. நாளுக்கு இருபத்தேழு. பெரிய எழுத்து, நடுவில் படங்கள்; சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி லால்குடி போய்ச் சேர்வதற்குள் இருபத்தேழு பக்கத்தை வாசித்துவிடலாம். திரும்பி வரும்போது வாசிக்கக் கூடாது, வெளியே பார்த்துக்கொண்டு வர வேண்டும். அவளுக்கு ஓர் அதிகாரமும் கொடுத்திருக்கிறேன்: நான் ‘இங்க ஒண்ணு கவனிச்சியா’ என்று வாயைத் திறந்தால் தொடையில் கிள்ளலாம். ஒத்திகை என்று சொல்லி இப்போதே இரண்டு முறை கிள்ளிவிட்டாள். வலிக்கிறது.

பெரியப்பாவிடம் கவுன் வாங்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். “கவுன் வாங்க லால்குடிக்கா?” என்று புருவத்தைத் தூக்கினார். அந்தப் புருவத்துக்கு நின்று பதில் சொன்னால் அவரும் கிளம்பிவிடுவார், ஒரு முழு சீட்டை அடைத்துக்கொண்டு உட்காருவார், ஒன்றாம் நம்பர் டோல்கேட்டைத் தாண்டுவதற்குள் வாத்தை மறுபடி நிறுத்துவார். நிற்காமல் மாடிப்படி இறங்கி வந்துவிட்டேன்.

பையில் புத்தகம் வைத்தாயிற்று. முறுக்குப் பொட்டலம் ஒன்றும். தோசைமாவு கரைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். கரண்டியை நிறுத்தவில்லை அவள்.

“வந்து எங்கிட்ட ஒரே வரில சொல்லு,” என்றாள். “கரையேறித்து, இல்லேன்னா ஏறலை. ரெண்டாவது வரி எனக்கு வேண்டாம்.”

நாளைக் காலை ஒன்பது மணி பஸ். ஜன்னலோரம் அவளுக்கு. முப்பத்தொன்றாம் பக்கத்தில், மதகு திறக்கிற ஆள் சாவியோடு வந்துகொண்டிருக்கிற இடத்தில், அந்த ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்ப் பார்க்கப் போகிறேன்.