பாக்கியம் அக்கா பாலம் ஏறிய காலை

கொச்சி வைட்டிலாவில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது பாக்கியம் அக்காவின் கணவர் முருகையா அண்ணன் போன் செய்தார். “உன் அக்கா போயிட்டாம்மா” என்றார். வந்த பஸ்ஸில் ஏறாமல் அப்படியே நின்றேன்.

வெலிங்டன் தீவுக் கிடங்கில் எங்களோடு மிளகு சலித்த உங்களுக்கெல்லாம் அக்காவின் சிரிப்பும் கோபமும் தெரியும். நாற்பதைத் தாண்டி அவர் சைக்கிள் பழகியதும் தெரியும். அந்தச் சைக்கிள் அவர் கையைவிட்டுப் போக இருந்தது உங்களில் பலருக்குத் தெரியாது.

மட்டாஞ்சேரியிலிருந்து தீவுக்கு அதில்தான் வருவார். சமதரையில் ஒழுங்காக ஓடும் சைக்கிள், வழியிலுள்ள பாலத்து ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் ‘கடக்’கென்று செயின் துள்ளும். கடையில் புதுச் செயின் மாட்டியும் துள்ளல் நிற்கவில்லை. ஒருநாள் செயின் துள்ளி, பெடலிலிருந்து கால் வழுக்கி, பின்னால் வந்த லாரியின் முன்னே விழுந்தார். லாரிக்காரர் பிரேக் போட்டதால் முழங்கால் சிராய்ப்போடு தப்பித்தார்.

“இனி இது வேண்டா. இரும்புக் கடையில போட்டுடறேன்” என்றார் அண்ணன்.

“விழுந்தது நான். வேணுமா வேண்டாமான்னு நான் சொல்றேன்” என்றார் அக்கா.

அன்று மாலை அவர் வீட்டுச் சந்தில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினோம். செயினை விரலால் அழுத்திப் பார்த்தோம், தொய்வில்லை. பின்சக்கரம் நேராகத்தான் இருந்தது. நான் பெடலை மெல்லப் பின்னோக்கிச் சுற்ற, மடங்காமல் விறைத்து நிற்கும் கண்ணி ஏதேனும் உண்டா என்று அக்கா குந்தியிருந்து பார்த்தார். எல்லாமே மடங்கின. எவ்வளவு சுற்றியும் ஒருமுறைகூடத் துள்ளவில்லை.

“சும்மா சுத்தினா துள்ளல. அழுத்தி மிதிச்சாத்தான் துள்ளுது. அப்போ எங்கயோ பிடி விடுது, அல்லேடி? செயினைப் பிடிக்கிறது பல்லுதானே?” என்று பழந்துணியால் பின்சக்கரத்துப் பல்லிலிருந்த கருப்பு மசகைத் துடைத்தார். பற்கள் தேய்ந்து, கொக்கிபோல ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. “பழைய செயினோட சேர்ந்து தேஞ்ச பல்லு. புதுசு இதுல எப்படி உக்காரும்?”

மறுநாள் காலை சைக்கிள் கடைச் சேட்டனும் பார்த்துவிட்டு அதையே சொன்னார். பல்சக்கரத்தைக் கழற்றிப் புதியதை மாட்டினார். “ஏத்தத்துல மிதிச்சுப் பாக்கறேன். துள்ளிச்சுன்னா நீங்களே கொண்டுபோய்ப் போடுங்க” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு அக்கா கிளம்பினார். நாங்களும் கூடவே நடந்தோம்; பாலத்தடியில்தான் அவர் சைக்கிளில் ஏறினார்.

விழுந்த இடம் வந்ததும் அக்கா சீட்டைவிட்டு எழுந்து மிதித்தார். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். செயினிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அக்கா உச்சிக்கு ஏறினார். நிற்காமல் தீவுப் பக்கம் இறங்கி மறைந்தும் போனார்.

வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார். “எங்கேடி போனே? உயிரே போச்சு!” என்று அண்ணன் கத்தினார்.

“சாயா குடிக்கப் போனேன்.”

கல்யாணமான நாளிலிருந்து தனியாக ஒரு கடையில் உட்கார்ந்து சாயா குடித்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. புடவைத் தலைப்பால் உதட்டைத் துடைத்தபடி, ஒற்றைக் கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, பாலத்து உச்சியிலிருந்து இறங்கி வந்த அந்த முகம் மட்டும் இருக்கிறது. யாரிடமும் கேட்காமல் போய், தானாகத் திரும்பி வந்தவளின் முகம்.