முன்வரிசை நாற்காலியும் அடைப்பிரதமனும்

நாகர்கோவில் ருசி முழுவதும் கிருஷ்ணமணிக்கு அத்துப்படி. என்ன, எல்லாம் புறவாசல் வழியாக. இருபத்தெட்டு வருடமாகக் காஸ் சிலிண்டர் சுமக்கிற மனிதர் வேறு எந்த வழியாகப் போவார்? வடசேரியில் எந்தக் கடை ரசவடை நாலு மணிக்குச் சரியாக ஊறியிருக்கும், கோட்டாற்றில் எந்த ஓட்டல் புளிமுளத்துக்கு நேற்றைய மீன் போகிறது, பழம்பொரி எண்ணெயை எவன் மாற்றுகிறான், எவன் மாற்றுவதாகச் சொல்கிறான், கேட்டால் சொல்லிவிடுவார். ஏசி அறை வைத்த ஓட்டல்கள் ஊரில் ஏழெட்டு வந்துவிட்டன. அத்தனையிலும் அடுப்பைப் பார்த்திருக்கிறார். மேசையைப் பார்த்ததில்லை.

சங்கீதமும் அப்படித்தான். அவர் தெருக் கோயில் திருவிழாவின் கடைசி நாள் காலையில் கச்சேரி, உச்சிக்கு விருந்து. மேடைக்குப் பின்னால்தான் விருந்து சமைக்கும் ஆக்குப்புரை. நடுவில் ஒரே ஒரு ஓலைத் தட்டி. சிலிண்டரை மாட்டியதும் போய்விடலாம், யாரும் பிடித்து வைக்கவில்லை. ஆனால் கிருஷ்ணமணி வால்வில் கை வைத்தபடி நின்று கச்சேரி கேட்பார். தவசிப்பிள்ளை தாணுலிங்கத்துக்குச் சமையலில் கை சுத்தம், காது மட்டும் மந்தம். எனவே கச்சேரிக்கும் அடுப்புக்கும் நடுவில் கிருஷ்ணமணிதான் ஆள். பாடகர் எவரானாலும் நடுவில் ஒரு ராகத்தை எடுத்து அரைமணி நேரம் அலசுவார் இல்லையா, அதுதான் கணக்கு. பெரிய ராகம் தொடங்கினால் விருந்துப் பாயசமான அடைப்பிரதமனுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றித் தீயைக் குறைக்க வேண்டும். இருபது வருடமாக இந்த ஏற்பாடு பிசகியதில்லை.

இத்தனை பேரைக் கேட்டும் ஒருவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை என்பதுதான் அவருக்குத் தீராத குறை. பார்த்தால் மட்டும் போதாது. பாடுகிறவர் தன்னைப் பார்க்க வேண்டும், இவன் ரசிகன் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மனைவி பகவதியிடம் ஒருமுறை இதைச் சொல்லிவிட்டு, பிறகு ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

இந்த வருடம் யோகம் அடித்தது. டீக்கடையில் ஏதோ ராகத்தைப் பற்றி வாக்குவாதம் வந்து, விழாக் கமிட்டிச் செயலாளர் சுயம்புராஜ் சொன்னது தப்பு, கிருஷ்ணமணி சொன்னது சரி என்று ஆயிற்று. சுயம்புராஜ் பெருந்தன்மைக்காரர், அதிலும் நாலு பேர் பார்க்கும்போது.

"வேய் கிருஷ்ணமணி, இந்த வருசம் நீரு முன்வரிசையில இரியும். சென்னையிலேருந்து பெரிய பாடகியாக்கும் வாறாங்க."

"அப்போ அடுப்பு?"

"தாணுலிங்கம் பாத்துக்கிடுவாரு வேய்."

தாணுலிங்கமும், "நீரு போவும், நான் பாத்துக்கிடுகேன்" என்றார். கேள்வி முழுதாக அவர் காதில் விழுந்ததா என்பது வேறு விஷயம்.

பகவதி இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையில், வங்கி மேலாளருக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் கிருஷ்ணமணி உட்கார்ந்தார். முதல் அரைமணி ஒன்றும் ரசிக்கவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வால்வைப் பிடிக்காமல் அவர் பாட்டுக் கேட்டதே கிடையாது. பாடகி பெரிய ராகமாகத் தோடியை எடுத்த பிறகுதான் கண் தானாக மூடியது. வலது கை மெல்ல எழுந்து, காற்றில் எதையோ பிடித்து, இடமிருந்து வலமாகத் திருகியது. பாடகி அதைப் பார்த்தார். கை போன போக்கிலேயே ஒரு சங்கதியைப் போட்டுவிட்டுப் புன்னகைத்தார்.

கிருஷ்ணமணி கண்ணைத் திறந்தார். கையில் வால்வு இல்லை. தோடி தொடங்கியாயிற்று, பிரதமனடியில் தீ முழு வீச்சில் எரிகிறது! அடிபிடிக்கப் போகும் வெல்லத்தின் வாசம் தட்டியைத் தாண்டி வந்துவிட்டது. முன்வரிசையில் அது வேறு எந்த மூக்குக்கும் எட்டவில்லை. அறுநூறு பேர் சாப்பாடு. பதறிப்போய்க் கண்ணில் நீர் முட்டியது. எழுந்தார். பாதியில் போவது மரியாதையில்லை என்பதால் பாடகியைப் பார்த்துக் கைகூப்பினார். அவர் எழுந்ததும் சுயம்புராஜ் எழுந்தார், மேலாளர் எழுந்தார், டாக்டரும் எழுந்தார். பாடகியும் பாடியபடியே பதிலுக்குக் கைகூப்பினார். அதற்குள் கிருஷ்ணமணி தட்டிக்குப் பின்னால் ஓடிவிட்டார்.

தாணுலிங்கம் நிம்மதியாகப் பப்படம் பொரித்துக்கொண்டிருந்தார்.

வால்வை அடைத்து, சட்டையைக் கழற்றி எறிந்து, தோர்த்துத் துண்டைத் தலையில் கட்டி, அடியைச் சுரண்டாமல் பிரதமனை வேறு வார்ப்புப் பாத்திரத்துக்கு மாற்றி, பாலும் சுக்கும் ஏலமும் சேர்த்து ஒருவழியாகக் காப்பாற்றினார்கள். கரி படிந்த கையோடு பரிமாறவும் அவரே போக வேண்டியதாயிற்று. ஆள் குறைவு.

பாடகியின் இலையில் பிரதமன் விழுந்தது. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து அவரும் பழமும் பப்படமும் நொறுக்கிப் பிசைந்து வாயில் வைத்தார். பிறகு சுயம்புராஜிடம் சொன்னார்:

"முன்னாடி ஒருத்தர் உக்காந்திருந்தாரே, வெள்ளைச் சட்டை. தோடியில கண்ணீர் விட்டு எழுந்து நின்னார். எனக்கு இப்படி ஒரு ரசிகர் அமைஞ்சதே இல்ல. அவரை நான் பாக்கணும்."

சுயம்புராஜ் நிமிர்ந்தார். எதிரே தலைக்கட்டோடு, வெற்றுடம்பில் கரியோடு, வாளியும் கரண்டியுமாக அந்த ரசிகர் நின்றுகொண்டிருந்தார். செயலாளர் ஒரு கணம் யோசித்தார். விழாவின் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

"அவரு பெரிய ஆளாக்கும்மா. ஜோலி உண்டும்னு எழும்பிப் போயிட்டாரு."

நான்தான் என்று சொல்லக் கிருஷ்ணமணி வாயெடுத்தார். சொல்லியிருக்கலாம். ஆனால் இலையில் பிரதமன் தீர்ந்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் விடட்டா?"

பாடகி இலையிலிருந்து தலையைத் தூக்காமலே விடச் சொல்லிக் கை காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் பகவதி கேட்டாள்: "அவங்க உங்களப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க" என்றார் கிருஷ்ணமணி. "ஆனா அவங்க பாத்தவரு பெரிய ஆளாம் பகவதி. ஜோலி உண்டும்னு போயிட்டாராம்."